கத்தரி வேரில் முடிச்சு: எருவும் குழையும் வட்டப்புழுவை அடக்குமா?

விசுவமடுக் கமம்

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தில் கத்தரியும் மிளகாயும் செய்கிறேன். மணல் கலந்த செம்மண். கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். கிணற்றிலிருந்து இறைப்பு.

இந்தச் சிறுபோகத்தில் கத்தரி நட்டு ஒன்றரை மாதம் ஆனபோது ஒரு மூலையில் இருபது முப்பது கன்றுகள் உச்சி வெயிலில் சோர்ந்து நின்றன. காலையில் தண்ணீர் கட்டிய பாத்திதான், மண்ணில் ஈரம் இருந்தது. மாலையில் நிமிரும், மறுநாள் மதியம் மறுபடி தொய்யும். இலை வெளிறிக் காய் சிறுத்தது. யூரியா கொஞ்சம் கூட்டிப் போட்டும் பயனில்லை. கடைசியில் ஒரு கன்றைச் சுற்றி வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினேன். மயிர்போன்ற சல்லிவேர் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. இருந்தவை எல்லாம் புடைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இஞ்சிக் கிழங்குபோலத் திரண்டிருந்தன. ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தேன். உள்ளே குண்டூசி முனையளவில் முத்துப்போல வெள்ளைப் புள்ளிகள்.

விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வேர்முடிச்சு வட்டப்புழு என்றார். கடையில் குறுணல் மருந்து தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து ஐயாவோ, "எருவைக் கண்ணால் காணாத மண்ணுக்கு இதுதான் வரும்" என்கிறார்.

அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. 2011இல் நாங்கள் திரும்பி வந்தபோது இந்தக் காணி காடாகிக் கிடந்தது. விடத்தலும் நாயுண்ணியும் மண்டி, கீழே நான்கு விரல் கனத்துக்கு இலைமக்கு. மண்வெட்டி போட்டால் கறுப்பாகப் பொலபொலவென்று வரும். அந்த முதல் இரண்டு வருடமும் கத்தரி இடுப்பளவுக்கு நின்றது, நோய் என்ற பேச்சே இல்லை. பிறகு வருடா வருடம் அதே கத்தரி, அதே மிளகாய், அதே பசளை மூட்டை. இன்று மண்வெட்டியில் வருவது வெளிறிய சிவப்பு மட்டும்.

எரு போட்டால் உண்மையிலேயே புழு குறையுமா, அல்லது செடி கொஞ்சம் தெம்பாக நிற்பதோடு சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக்கச்சித் தோட்டம்

தம்பி, உங்கள் வேர் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தக்காளியில் மூன்று வருடம் பார்த்தேன்.

எரு என்றவுடன் எனக்கு 2021 நினைவு வந்து வயிறு எரிகிறது. அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சேதனப் பசளையில் செய்யச் சொன்னார்கள். கூட்டெரு என்று ஒருவர் விற்ற இரண்டு லோட்டை நம்பி வாங்கினேன். பிரித்தால் பாதி மண். மீதியில் மக்காத தும்புச் சோறும் (தென்னந்தும்புத் தூள்) மரத்தூளும் பொலித்தீன் துண்டுகளும். தக்காளிக்குப் போட்டேன். முடிச்சு ஒன்றும் குறையவில்லை. கன்று மஞ்சளாகி நின்றுவிட்டது, புல்லு மட்டும் செழித்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் எங்கள் போகம் போய்விட்டது.

அதனால் "எரு போடு, நோய் போகும்" என்று யாராவது வாய்க்குச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எந்த எரு, எவ்வளவு, எப்படி வேலை செய்கிறது என்று சொல்லட்டும், கேட்கிறேன்.

அறிவியல்நகர் மாணவி

விவசாய பீடத்தில் படிக்கிறேன். வட்டக்கச்சி ஐயாவின் கேள்விதான் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புழு. தமிழ்நாட்டு நூல்களில் நூற்புழு என்பார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அரை மில்லிமீற்றருக்கும் குறைவான நீளம். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திவந்து, வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போகிறது. அங்கே ஓரிடத்தில் வாயை வைத்துவிட்டால் பெண்புழு பிறகு நகர்வதில்லை. அதன் உமிழ்நீர் பட்ட சில கலங்கள் பல மடங்கு பெருத்து, அதற்கான தீனிக் கிண்ணமாகிவிடுகின்றன. சுற்றியுள்ள வேரும் வீங்குகிறது, நீங்கள் கண்ட முடிச்சு அதுதான். வெள்ளைப் புள்ளி பெண்புழு. ஒரு பெண் பசைபோன்ற உறைக்குள் சில நூறு முட்டைகள் இடும். எங்கள் சூட்டில் இந்தச் சுற்று முழுவதும் ஏறத்தாழ 4 கிழமைக்குள் முடிகிறது. கத்தரி ஆறு மாதம் நிற்கும் பயிர். ஒரே பயிருக்குள் ஐந்தாறு தலைமுறை பெருகிவிடும். மூலையில் தொடங்கியது அடுத்த போகத்தில் தோட்டம் முழுக்கப் பரவுவது இப்படித்தான். மணற்பாங்கான மண்ணில் இடைவெளி பெரிது, புழுவுக்குப் போக்குவரத்து எளிது.

இனி எரு. மண்ணில் சேதனப் பொருள் போடும்போது நடப்பவை ஒரே வேகத்தில் நடப்பதில்லை, குழப்பம் அங்கேதான் வருகிறது.

உடனடியாக, முதல் சில வாரங்களில் நடப்பது இரசாயனம். நைதரசன் அதிகமுள்ள பொருள் அழுகும்போது அமோனியா வெளிவருகிறது. காற்றுக் குறைந்த ஈரமண்ணில் பியூற்றிக் அமிலம் போன்ற சிறு கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. இவை புழுவை நேரடியாகவே கொல்லும். ஆனால் காபனுக்கும் நைதரசனுக்குமான விகிதம் ஏறத்தாழ 20க்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். கோழி எருவில் அது 10ஐ ஒட்டியது. வைக்கோலில் 60க்கு மேல். மரத்தூளில் சில நூறு. ஐயா, உங்களுக்கு விற்கப்பட்டது மண்ணில் இருந்த நைதரசனையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் பொருள். கன்று மஞ்சளானதற்கு அதுதான் காரணம். அது புழுவை என்ன செய்திருக்கும்?

மெதுவாக நடப்பது வேறு. 1930களில் ஹவாய்த் தீவில் லின்ஃபர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நறுக்கிய அன்னாசிச் செடியை மண்ணில் புதைத்துப் பார்த்தார்கள். அது மக்கும்போது மண்ணில் செடியைத் தாக்காத சாதாரண வட்டப்புழுக்கள் பெருகின. அவற்றைத் தின்னும் எதிரிகளும் கூடவே பெருகின. வேர்முடிச்சுப் புழு குறைந்தது. அந்த எதிரிகளில் சில வியப்பானவை. ஆத்ரோபொற்றிஸ் என்ற பூஞ்சணம் தன் இழைகளால் பசைவலை பின்னி, அதில் ஒட்டிக்கொண்ட புழுவின் உடலுக்குள் வளர்ந்து தின்கிறது. போக்கோனியா, பர்பியூரியோசிலியம் போன்றவை முட்டைகளைத் தின்கின்றன. பஸ்ரியூரியா என்ற பக்டீரியாவின் வித்துகள் குஞ்சின் தோலில் ஒட்டிக்கொண்டு வேருக்குள்ளேயே போய், பெண்புழுவை முட்டையிடாமல் செய்துவிடுகின்றன. இவற்றுக்கு எல்லாம் மண்ணில் தொடர்ந்து உணவு வேண்டும். ஒரு லோட்டில் வந்து இறங்குகிறவை அல்ல.

செடியின் பக்கமும் உண்டு. மக்கு உள்ள மண் நீரைப் பிடித்து வைக்கும். பாதி வேரை இழந்த செடி மீதி வேரால் பிழைத்துக்கொள்ள அது பெரிய உதவி.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எரு போட்ட நிலத்தில் புழுவின் எண்ணிக்கை சில வேளை கூடியும் இருக்கும். வேர் அதிகம், ஆகவே புழுவுக்குச் சாப்பாடும் அதிகம். ஆனாலும் விளைச்சல் பெரும்பாலும் குறையாது. விசுவமடு அண்ணா கேட்ட இரண்டும் நடக்கின்றன. எது எவ்வளவு என்பது போடும் பொருளையும் காலத்தையும் பொறுத்தது.

முள்ளியவளைக் கமக்காரி

பிள்ளை எழுதியதைப் படிக்கும்போது என் அப்புவை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் புரட்டாதி பிறந்தால் வேலியில் நின்ற பூவரசையும் சீமைக்கிளுவையையும் வெட்டி, வேப்பங்குழையும் சேர்த்து, பாத்திக்கு நடுவே வாய்க்கால் தோண்டிக் குழை தாழ்த்துவார். மேலே மண்ணை இழுத்து மூடி, முதல் மழை விழும்வரை அந்த இடத்தில் எங்களைக் கால் வைக்க விடமாட்டார். இரண்டு கிழமை கழித்துக் குச்சியால் கிண்டினால் புளித்த வாடை மூக்கில் அடிக்கும். "இன்னும் பச்சை போகவில்லை" என்று மூடிவிடுவார். வாடை போய் மண்வாசம் வந்த பிறகுதான் கன்று நடுவார். பிள்ளை சொன்ன அமிலத்தின் வாடை அதுதான் என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது.

நான் இப்போது செய்வது இது. வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கி, நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் குழிக்கு ஒரு கைப்பிடி போட்டு மண்ணோடு கலந்து நீர் தெளிப்பேன். நந்திக்கடல் பக்கத்தில் இறால் உடைக்கிறவர்களிடம் ஓடும் தலையும் சும்மா கிடைக்கும். உப்புப் போக நன்றாகக் கழுவி, காயவைத்து இடித்து, மாட்டெருவோடு இரண்டு மாதம் மக்கவிட்டுப் போடுகிறேன். பாகலும் பயிற்றையும் செய்கிற நிலம். முடிச்சு முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பிடுங்கிப் பார்த்தால் ஆங்காங்கே இருக்கிறது. ஆனால் கொடி காய்த்து முடியும்வரை பச்சையாக நிற்கிறது.

அறிவியல்நகர் மாணவி

அம்மா, இறால் ஓட்டில் கைற்றின் இருக்கிறது. புழுவின் முட்டை ஓட்டிலும் அதே கைற்றின் உண்டு. ஓட்டைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் முட்டையையும் விடுவதில்லை. மக்கவிட்டுப் போடுவதும் சரி, பச்சையாக அதிகம் போட்டால் அமோனியா கன்றின் வேரையே கருக்கிவிடும். வேப்பம் பிண்ணாக்கில் அசாடிரக்ரின் முதலியவையும் நைதரசனும் சேர்ந்தே இருப்பதால் அது இரண்டு வழியிலும் உதவுகிறது.

வட்டக்கச்சித் தோட்டம்

விளக்கத்துக்கு நன்றி மகள். தும்புச் சோற்றுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தக் காசைத் தொலைத்திருக்கமாட்டேன்.

ஆனால் எரு எங்கே இருக்கிறது? மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 10 தொன் போடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 4 தொன். வன்னியில் மாடு இல்லையா என்றால் இருக்கிறது. பட்டி பட்டியாக இருக்கிறது. பட்டி எருவை லொறியில் ஏற்றி யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிறோம். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, மண்ணை அறிந்தவர்கள் வாங்குகிறார்கள். எங்கள் காணிக்குப் பக்கத்தில் கிடக்கும் எருவை விற்றுவிட்டு, அந்தக் காசில் குறுணல் மருந்து வாங்குகிற எங்களைத்தான் சொல்கிறேன். அறுவடை முடிந்த கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைப்பதையும் பார்க்கிறேன். மாலை நேரத்தில் பரந்தன் பக்கம் போனால் வயல் முழுக்கப் புகை. மனம் நோகிறது.

நெடுங்கேணி

எரு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரும்போக மழையின் கடைசி ஈரத்தில் பயறோ கௌபியோ விதைத்து, பூக்கும் நேரத்தில் உழுது மடக்கிவிடுங்கள். செலவு விதை மட்டும்தான்.

அறிவியல்நகர் மாணவி

ஐயா, சுத்தமான நிலத்துக்கு இது நல்ல யோசனை. வேர்முடிச்சு வந்துவிட்ட நிலத்தில் தயவுசெய்து செய்யவேண்டாம். பயறும் கௌபியும் இந்தப் புழுவுக்குப் பிடித்த பயிர்கள். ஒன்றரை மாதம் அதற்கு விருந்து வைத்து, முட்டையோடு சேர்த்து மண்ணில் உழுவதாகிவிடும்.

அவரை இனப் பயிர்களில் இன்னொரு மயக்கமும் உண்டு. அவற்றின் வேரில் நைதரசன் சேர்க்கும் நல்ல கணுக்களும் இருக்கும். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சு வேரே வீங்கியது. அதைத் தள்ளிக் கழற்ற முடியாது.

பசுந்தாள் வேண்டுமென்றால் சணல் விதையுங்கள். சாக்கு நெய்யும் சணல் அல்ல, சணப்பை என்பார்களே அது. அதன் வேருக்குள் புழு போனாலும் பெருக முடிவதில்லை. மடக்கி உழுதால் நைதரசனும் கிடைக்கிறது. மாற்றுப் பயிருக்கு எள்ளு வைக்கலாம், அது எங்கள் ஊர்ப் பயிர்தான். கச்சானும் கத்தரியைத் தாக்கும் பொதுவான இனங்களுக்கு இடம் கொடுப்பதில்லை, ஆனால் கச்சானையே தாக்கும் வேறு இனங்கள் உண்டு என்பதால் வேரைப் பிடுங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுங்கேணி

நன்றி பிள்ளை. இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருந்ததே அதுதான். நாளைக்கே பிடுங்கிப் பார்க்கிறேன்.

ஒட்டுசுட்டான் வயல்

வயலில் நெல்லுக்குப் பிறகு மரக்கறி செய்கிற எங்களுக்கு இந்த நோய் குறைவு. மூன்று மாதம் தண்ணீர் நிற்கும் மண்ணில் கத்தரிப் புழு தாக்குப்பிடிப்பதில்லை. நெல்லைத் தாக்கும் வேர்முடிச்சுப் புழு என்று தனியாக ஒன்று உண்டு, அதுவும் தண்ணீர் நிற்காத வயலில்தான் ஆட்டம் போடும். விசுவமடுத் தம்பியின் மேட்டு நிலத்துக்கு இது ஒத்துவராது என்று தெரியும். வயலும் மேடும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்காக எழுதினேன்.

கடல் கடந்த வன்னியான்

வெளிநாட்டில் இருக்கிறேன், அம்மாவும் தம்பியும் தருமபுரத்தில் தோட்டம் செய்கிறார்கள். இந்தப் புழுவைத் தாங்கும் தக்காளி இனங்கள் இங்கே விற்கிறார்கள். விதை வாங்கி அனுப்பினால் உதவுமா?

அறிவியல்நகர் மாணவி

அந்தத் தக்காளிகளில் இருப்பது மி எனப்படும் மரபணு. மண்ணின் வெப்பம் 28 பாகைக்கு மேல் போனால் அதன் காவல் தளர்ந்துவிடுகிறது. சிறுபோகத்தில் எங்கள் செம்மண்ணின் சூடு உங்களுக்கு மறந்திருக்காது. விதையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதியும் எடுக்கவேண்டும். அனுப்ப நினைக்கும் காசில் தம்பிக்கு ஒரு பட்டி எரு வாங்கிக் கொடுங்கள் அண்ணா.

விசுவமடுக் கமம்

எல்லோரும் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். மாணவித் தங்கையிடம் ஒரு கேள்வி. என் காணியில் எந்தப் பகுதியில் புழு இருக்கிறது, எங்கே இல்லை என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

அறிவியல்நகர் மாணவி

உண்டு. நாங்கள் ஆய்வுகூடத்தில் புனலில் மெல்லிய கடதாசி விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பி, அடி நனையத் தண்ணீர் விட்டு ஒரு நாள், இரண்டு நாள் வைப்போம். உயிருள்ள புழுக்கள் நீரில் இறங்கி அடிக்கு வந்துவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செடியைத் தின்பவற்றின் வாயில் ஊசி தெரியும். நல்ல எரு கண்ட மண்ணில் ஊசியில்லாத புழுக்கள் நெளிந்துகொண்டே இருக்கும். அவை பக்டீரியாவைத் தின்று, நைதரசனைப் பயிருக்கு விடுபவை. முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

உங்களுக்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. காணியின் நாலைந்து இடங்களில், அரை அடி ஆழத்தில், ஈர மண் எடுங்கள். மண்ணை வெயிலில் காயவிடக்கூடாது. வெவ்வேறு பால்மாப் பேணிகளில் போட்டு, அடியில் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தக்காளிக் கன்று நடுங்கள். நாற்று சுத்தமான மண்ணில் முளைத்ததாக இருக்கவேண்டும். பேணிகளை நிழலோரம் வைத்து நீர் விட்டு, ஆறு கிழமையில் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள்.

இப்போது நோய்பட்ட கன்றுகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடவேண்டாம். அந்த மூலையைச் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு மூன்று தரம் உழுது, களை முளைக்கவிடாமல் காயப்போடுங்கள். மேல்மண்ணில் கிடக்கும் குஞ்சுகள் நிறையவே வற்றிச் சாகும். பசை உறைக்குள் இருக்கும் முட்டை கொஞ்சம் தப்பும். வெறும் மண்ணை நீண்ட நாள் வெயிலில் வைப்பது மக்கையும் எரிக்கும் என்பதால் காணி முழுவதையும் அப்படிச் செய்யாதீர்கள், அந்த மூலை போதும். எங்கள் சூட்டில் மக்கு விரைவாகக் கரைகிறது. ஒரு தரம் போட்டு ஐந்து வருடம் இருக்கும் என்று எண்ண முடியாது.

விசுவமடுக் கமம்

ஏழு கிழமை கழித்து எழுதுகிறேன். ஐந்து பேணி வைத்தேன். நோய் வந்த மூலையின் மண்ணில் நின்ற இரண்டு கன்றின் வேரும் மணிமாலைபோல முடிச்சு. மிளகாய் நின்ற நடுத் தோட்டத்து மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றும். கிணற்றடியில் வாழைச்சருகும் அடுப்புச் சாம்பலும் வருடக் கணக்காகக் கொட்டிய இடத்து மண்ணில் ஒன்று இரண்டு சிறு முடிச்சுகள், வேர் வெள்ளை வெளேரென்று பேணியைச் சுற்றிப் படர்ந்திருந்தது.

ஐந்தாவது பேணிக்கு வேலியோரத்து மண் எடுத்தேன். 2011இல் நாங்கள் வெட்டாமல் விட்ட விடத்தல் பற்றை அது, இன்னும் இலை உதிர்ந்து மக்குகிற இடம். அந்த வேரில் ஒரு முடிச்சும் இல்லை. அங்கே ஒருநாளும் கத்தரி நட்டதில்லை என்பதால் புழு வந்து சேராமலும் இருந்திருக்கலாம் என்று அறிவேன். ஆனாலும் அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "நாங்கள் வந்தபோது காணி முழுக்க இப்படித்தானே இருந்தது" என்றாள்.

மூலையை இரண்டு தரம் உழுதுவிட்டேன். மாங்குளத்துப் பட்டிக்காரர் ஒருவர் மூன்று தொன் எரு தர இருக்கிறார், யாழ்ப்பாணத்து விலைக்கே வாங்குகிறேன். புரட்டாதியில் சீமைக்கிளுவைக் குழை தாழ்ப்பேன். அந்த மூலைக்கு இந்தப் பெரும்போகத்தில் சணல், அடுத்த சிறுபோகம் எள்ளு. கத்தரியை இரண்டு வருடத்துக்கு அங்கே வைக்கமாட்டேன். சணல் விதைதான் கடைகளில் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?

முள்ளியவளைக் கமக்காரி

என்னிடம் நான்கு கிலோ இருக்கிறது தம்பி, போன வருடத்து விதை. ஈரத்துணியில் பத்து விதை வைத்துப் பார்த்தேன், எட்டு முளைத்தது. நெருக்கமாக விதைக்க உங்கள் மூலைக்குப் போதும். சனிக்கிழமை புதுக்குடியிருப்புச் சந்தைக்கு வருவேன், பையில் கட்டி எடுத்துவருகிறேன். காசு வேண்டாம். காய்க்கும்போது ஒரு வரிசையை மடக்காமல் விட்டு, எனக்கு விதை திருப்பித் தாருங்கள்.

வட்டக்கச்சித் தோட்டம்

இரண்டு வரிசையாக விடுங்கள் தம்பி. ஒன்று எனக்கு.